தடய மருத்துவம்: எஃப்.எம்.ஜி.இ., நீட் பி.ஜி. எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெளிநாட்டில் மருத்துவம் முடித்து ஊர் திரும்பி, இங்கே பணிபுரியத் தேவையான எஃப்.எம்.ஜி.இ. தகுதித் தேர்வுக்குப் படிப்பவர்களும், இங்கேயே எம்.பி.பி.எஸ். முடித்து, முதுகலை நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.க்குத் தயாராகிறவர்களும் தடய மருத்துவத்தில் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தப் பாடத்தை அட்டவணையாக மனப்பாடம் செய்தவர்கள், கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் தடுமாறிவிடுகிறார்கள். அதனால் முடிந்த இடத்திலெல்லாம் ‘ஏன்’ என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

சார், எஃப்.எம்.ஜி.இ.ல ஃபோரன்சிக்குக்கு 10 மார்க்தானே? அதை விட்டுட்டு மெடிசின், சர்ஜரி பார்த்தா போதாதா?

மொத்தம் 300 கேள்விகள். தேர்ச்சிக்கு 150 வேண்டும், நெகட்டிவ் மார்க் கிடையாது. மெடிசினின் 33 கேள்விகளுக்கு எத்தனை மாதம் செலவிடுகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இந்த 10 கேள்விகளுக்கு ஒரு வாரம் ஒழுங்காக உட்கார்ந்தால் பெரும்பாலானவற்றை எடுத்துவிடலாம். இரண்டு மூன்று மதிப்பெண்ணில் தவறவிட்டு அடுத்த தேர்வுக்குக் காத்திருப்பவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

தேர்வு முடிந்த பிறகும் இந்தப் பாடம் உங்களை விடாது. ஹவுஸ் சர்ஜனாக கேஷுவாலிட்டியில் நிற்கும் முதல் இரவிலேயே அடிதடி, விபத்து, விஷம் என்று மூன்றும் வரலாம். அன்று நீங்கள் எழுதுவதை ஐந்து வருடம் கழித்து ஒரு நீதிபதி படிப்பார்.

நான் ஜார்ஜியாவுல படிச்சேன். அங்க ஃபோரன்சிக் பாஸ் பண்ணியாச்சு. மறுபடியும் முதல்ல இருந்தா?

உடல் சம்பந்தப்பட்ட பகுதிக்கு மறுபார்வை போதும். இறப்புக்குப் பின் வரும் மாற்றங்கள், காயங்கள், மூச்சடைப்பு மரணங்கள் எந்த நாட்டிலும் ஒன்றே. முதலிலிருந்து படிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று இந்தியச் சட்டமும் நடைமுறையும்: யார் பிரேத விசாரணை செய்வது, மரண வாக்குமூலத்தை யார் பதிவது, ஒப்புதல் வயது, கருக்கலைப்புச் சட்டம், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம். இன்னொன்று நம் ஊர் விஷங்கள். ஊமத்தை, அரளி, எட்டி போன்றவற்றை வெளிநாட்டுப் பாடத்தில் பெரும்பாலும் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

பழைய கொஸ்டின் பேங்க் முழுக்க ஐ.பி.சி. 302, 304ஏ-ன்னு இருக்கு. இப்ப எதைப் படிக்கிறது?

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியம் வந்துவிட்டன. சுருக்கமாக பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ்., பி.எஸ்.ஏ. புதிய எண்களைத்தான் படிக்க வேண்டும். பழைய எண் காதில் விழுந்தால் அடையாளம் தெரிந்தால் போதும். ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்கு இன்றும் ஐ.பி.சி.தான் பொருந்தும். நீதிமன்றத்தில் இன்னும் பல வருடம் இரண்டையும் கேட்பீர்கள்.

மறக்கக் கூடாத மாற்றங்கள் இவை. கொலைக்கான தண்டனை 302லிருந்து 103 ஆனது. வரதட்சணை மரணம் 304பி-யிலிருந்து 80. கவனக்குறைவால் மரணம் 304ஏ-யிலிருந்து 106. கொடுங்காயம் 320லிருந்து 116. மனநிலை பிறழ்ந்தவரின் செயல் 84லிருந்து 22. போலீஸ் பிரேத விசாரணை 174லிருந்து பி.என்.எஸ்.எஸ். 194. மாஜிஸ்திரேட் விசாரணை 176லிருந்து 196. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் மருத்துவப் பரிசோதனை 164ஏ-யிலிருந்து 184. மரண வாக்குமூலம் சாட்சியச் சட்டம் 32லிருந்து பி.எஸ்.ஏ. 26. நிபுணர் சாட்சியம் 45லிருந்து 39. தற்கொலை முயற்சியைத் தண்டித்த 309 அப்படியே புதிய சட்டத்துக்கு வரவில்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுக்கத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் 226இல் குற்றமாக இருக்கிறது. மற்றபடி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு கொள்கிறது. அவருக்குத் தேவை சிகிச்சை.

வரலாற்றுக் கேள்விகள் வருமா சார்?

எப்போதாவது ஒன்று வரும். இந்தியாவில் பதிவான முதல் சட்ட மருத்துவ உடற்கூறாய்வு 1693இல் சென்னையில் எட்வர்ட் பல்க்லி செய்தது. முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகமும் சென்னையில்தான், 1849இல். உலகின் முதல் கைரேகைப் பிரிவு கல்கத்தாவில், 1897இல். இந்த மூன்று போதும்.

அடிதடி கேஸ் வந்தா போலீஸ் வர்ற வரைக்கும் தையல் போடக் கூடாதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

முற்றிலும் தவறு. முதலில் சிகிச்சை, பிறகுதான் மற்றதெல்லாம். பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உயிரைக் காப்பாற்றும் கடமைக்கு முன் எந்த நடைமுறையும் நிற்க முடியாது. போலீஸ் மெமோ இல்லாமலேயே நீங்கள் எம்.எல்.சி., அதாவது சட்டம் சார்ந்த மருத்துவ வழக்கு, பதியலாம். பதிந்துவிட்டுக் காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டும்.

தமிழ்நாட்டில் இதை ‘ஏ.ஆர். போடுவது’ என்போம், அதாவது ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர். அழைத்து வந்தவர் யார், எத்தனை மணி, இரண்டு அடையாள மச்சங்கள் அல்லது தழும்புகள், ‘எப்படி நடந்ததாகச் சொல்லப்படுகிறது’ என்ற வரி, பிறகு ஒவ்வொரு காயத்தின் வகை, அளவு, இடம். ‘நெற்றியில் காயம்’ என்று எழுதினால் அதனால் யாருக்கும் பயனில்லை. ‘வலது புருவத்துக்கு 2 செ.மீ. மேலே, 3 x 0.5 செ.மீ., எலும்பு ஆழம் வரை, ஓரங்கள் நசுங்கிய லேசரேஷன் (கிழிகாயம்)’ என்று எழுதினால், தையல் போட்டுக் காயம் ஆறிய பின்னும் அந்த வரி பேசும். எழுதிவிட்டுத் தையல் போடுங்கள். ரத்தம் கொட்டினால் தையல் போட்டுவிட்டு எழுதுங்கள்.

இன்குவெஸ்ட் யார் பண்ணுவாங்க? ஆர்.டி.ஓ. எப்ப வருவார்?

பிரேத விசாரணையை (இன்குவெஸ்ட்) சாதாரணமாகச் செய்வது போலீஸ், பி.என்.எஸ்.எஸ். பிரிவு 194. சந்தேக மரணம் என்று வழக்குப் பதிந்து, உள்ளூர்ப் பஞ்சாயத்தார் முன்னிலையில் உடலைப் பார்த்து விசாரணை அறிக்கை எழுதி, தேவைப்பட்டால் உடற்கூறாய்வுக்கு அனுப்புவார்கள். திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ சந்தேகத்துக்குரிய முறையில் இறந்தாலோ நிர்வாக மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அவர்தான் ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர். காவலில் மரணம் என்றால் நீதித்துறை மாஜிஸ்திரேட்.

கொரோனர், மெடிக்கல் எக்ஸாமினர் முறைகள் இந்தியாவில் இப்போது இல்லை. விடைகளில் அவை வந்தால் அடித்துவிடுங்கள். இந்த மரணங்களில் உடற்கூறாய்வுக்கு உறவினர் ஒப்புதல் தேவையில்லை. நோயால் இறந்தவரின் உடலை நோயியல் ஆய்வுக்காகத் திறப்பதென்றால்தான் ஒப்புதல் வேண்டும்.

காஸ், மோட், மேனர் மூணும் எனக்கு எப்பவும் குழம்புது.

காரணம் என்பது உயிரைப் பறித்த நோய் அல்லது காயம். மேனர் என்பது அது நேர்ந்த சூழ்நிலை: இயற்கை, விபத்து, தற்கொலை, கொலை, அல்லது தீர்மானிக்க முடியாதது. மோட் என்பது உடல் நின்றுபோன வழி: மூளை செயலிழக்கும் கோமா, இதயம் நிற்கும் சின்கோப், மூச்சு நிற்கும் அஸ்ஃபிக்ஸியா. மார்பில் கத்திக்குத்து என்றால் காரணம் இதயத்தைத் துளைத்த காயம், மேனர் கொலை, மோட் சின்கோப்.

இறப்புச் சான்றிதழில் ‘கார்டியாக் அரெஸ்ட்’ என்று காரணம் எழுதக் கூடாது என்பது இதனால்தான். இதயம் நிற்பதற்குத்தான் நாம் இறப்பு என்றே பெயர் வைத்திருக்கிறோம். மருத்துவமனையில் இறந்தால் படிவம் 4, வெளியே இறந்தால் 4ஏ. கட்டணம் வாங்கக் கூடாது. இயற்கை மரணம் அல்ல என்ற சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும் சான்றிதழ் தராமல் போலீசுக்குச் சொல்ல வேண்டும்.

கொடுங்காயத்துக்கு 20 நாளா, 15 நாளா?

பி.என்.எஸ். 116இன்படி 15 நாள். 20 என்பது பழைய 320. உட்பிரிவுகள் எட்டு: ஆண்மை இழப்பு, ஒரு கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போவது, ஒரு காதின் கேட்கும் திறன் போவது, உறுப்பையோ மூட்டையோ இழப்பது, அதன் செயல்திறன் நிரந்தரமாகக் கெடுவது, தலையோ முகமோ நிரந்தரமாக விகாரமாவது, எலும்போ பல்லோ முறிவது அல்லது நழுவுவது, கடைசியாக உயிருக்கு ஆபத்தான காயம் அல்லது 15 நாள் கடும் வலியோ அன்றாட வேலை செய்ய முடியாத நிலையோ.

கேள்வி பெரும்பாலும் பல்லில் வரும். ஒரே ஒரு பல் உடைந்தாலும் அது கொடுங்காயம்தான். 15 நாள் மருத்துவமனையில் படுத்திருந்தார் என்பது மட்டும் போதாது, வேலை செய்ய முடியாமல் இருந்திருக்க வேண்டும்.

அரிவாள் வெட்டு இன்சைஸ்டா, சாப்பா? தலையில கட்டையால அடிச்சா ஏன் கத்தி கிழிச்ச மாதிரி இருக்கு?

அரிவாள் கூர்மையும் கனமும் சேர்ந்த ஆயுதம். எனவே அது ஏற்படுத்துவது சாப் காயம். தோலோடு நிற்காமல் எலும்பையும் வெட்டும், ஓரங்களில் லேசான சிராய்ப்பு இருக்கும். கத்தி, பிளேடு போன்ற கனமற்ற ஆயுதம் இழுத்துக் கிழித்தால் இன்சைஸ்டு. அதில் நீளம் மற்ற அளவுகளைவிட அதிகம். குத்துக்காயத்தில் ஆழம் அதிகம்.

தலையிலும் முழங்காலுக்குக் கீழே முன்புற எலும்பின் மேலும் தோலுக்கு அடியிலேயே எலும்பு இருக்கிறது. கட்டை விழும்போது தோல் இரண்டுக்கும் நடுவில் நசுங்கி, நேர்க்கோடாகப் பிளந்துவிடும். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: ஓரம் நசுங்கியிருக்கும், மயிர்க்கால்கள் நைந்திருக்கும், காயத்தின் குறுக்கே மெல்லிய திசு இழைகள் அறுபடாமல் நிற்கும். கத்தி வெட்டியிருந்தால் அந்த இழைகள் அறுந்திருக்கும், முடியும் சீராக வெட்டுப்பட்டிருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தில் ஆயுதம் மாறுகிறது, ஆயுதம் மாறினால் வழக்கே மாறுகிறது.

கன்றிய காயத்தின் நிறத்தை வெச்சு நாள் சொல்றது நம்பகமா?

தேர்வுக்கு: முதலில் சிவப்பு, மூன்று நாள் வரை நீலம், நான்காம் நாள் பழுப்பு, 5–6இல் பச்சை, 7–12இல் மஞ்சள், இரண்டு வாரத்தில் மறையும். கண் வெண்படலத்துக்கு அடியில் கசிந்த ரத்தம் மட்டும் பச்சைக்குப் போகாது, சிவப்பிலிருந்து நேராக மஞ்சள். காற்றிலிருந்து ஆக்சிஜன் கிடைத்துக்கொண்டே இருப்பதுதான் காரணம்.

நடைமுறையில் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது. தோல் நிறம், இடம், வயது எல்லாம் மாற்றிவிடும். மஞ்சள் தெரிந்தால் காயத்துக்கு 18 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். வெவ்வேறு நிறத்தில் பல காயங்கள் ஒரே உடலில் இருந்தால் ஒரே நாளில் அடித்ததல்ல என்று சந்தேகியுங்கள். குழந்தைகளிடமும் காவலில் இருந்தவர்களிடமும் இதைக் கண்டும் காணாமல் விட்டுவிடக் கூடாது. லத்தி அடி பட்டால் இரண்டு இணைகோடுகளும் நடுவில் வெளிறிய தோலும் தெரியும். அதுதான் ட்ராம் லைன்.

ரிகருக்கு 12-12-12 ரூல் போட்டு இறந்த நேரம் சொல்லிடலாமா?

ரிகர், அதாவது இறந்த உடல் விறைப்பது, வர 12 மணி, நிற்க 12, போக 12 என்பது மிதமான குளிர் நாட்டுக் கணக்கு. நம் ஊரில் ரிகர் 1–2 மணி நேரத்தில் தொடங்கிவிடும். கோடையில் 18–36 மணி, குளிர்காலத்தில் 24–48 மணி நீடிக்கும். இமையில் ஆரம்பித்து முகம், கழுத்து, கை, கால் என்று இறங்கும். ஆனால் எல்லாத் தசையிலும் ஒரே நேரத்தில்தான் தொடங்குகிறது. சின்னத் தசையில் சீக்கிரம் தெரிகிறது, அவ்வளவுதான். காரணம் ஏ.டி.பி. தீர்வது. அதனால் இறக்குமுன் வலிப்பு வந்தவர், ஓடிக் களைத்தவர் ஆகியோரிடம் விரைவாக வந்து விரைவாகப் போகும்.

ஒரே அறிகுறியை வைத்து நேரம் சொல்லவே கூடாது. உடல் குளிர்வதைப் பாருங்கள், ஆனால் சித்திரை வெயிலில் வெளிவெப்பம் உடல் வெப்பத்தைத் தொட்டுவிட்டால் உடல் குளிராது. லிவிடிட்டி (ரத்தம் கீழ்ப்பக்கம் தேங்கித் தோலில் வரும் நிறம்) நிலைபெற ஏறத்தாழ 6–12 மணி. வலது அடிவயிற்றில் சீக்கம் (பெருங்குடலின் தொடக்கம்) இருக்கும் இடத்துக்கு மேலே பச்சை நிறம் கோடையில் 12–18 மணியில் தெரியும். எல்லாவற்றையும் சேர்த்து ‘இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள்’ என்று எழுதுவதே நேர்மை.

கையில கத்தியை இறுக்கிப் பிடிச்சிருந்தா அது ரிகர்தானே?

இல்லை, கெடாவெரிக் ஸ்பாஸம். ரிகருக்கு முன் உடல் தளரும். இதில் தளர்வே கிடையாது, இறந்த கணத்திலேயே அந்தத் தசைக் கூட்டம் மட்டும் இறுகிவிடும். கொலை செய்தவர் பிணத்தின் கையில் ஆயுதத்தைத் திணித்து இந்தப் பிடியை உண்டாக்க முடியாது.

லிவிடிட்டி நிறம் கேட்டா செர்ரி ரெட்னா கார்பன் மோனாக்சைடு. இதுல டிரிக் இருக்கா?

குளிர்பெட்டியில் வைத்த உடலும் இளஞ்சிவப்பாக இருக்கும். கேள்வியில் அந்த வரி ஒளிந்திருக்கும். சயனைடில் பிரகாசமான சிவப்பு, நைட்ரைட்டிலும் குளோரேட்டிலும் மெத்ஹீமோகுளோபின் உருவாவதால் சாக்லேட் பழுப்பு, ஹைட்ரஜன் சல்ஃபைடில் நீலப்பச்சை.

கடைசியாகச் சொன்னது நம் ஊரில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி இறப்பவர்களிடம் வருவது. நிறம் தெரியாமலும் போகலாம். அங்கே ஆக்சிஜன் குறைவும் சேர்ந்தே கொல்கிறது. அதனால் எங்கே, எப்படி மயங்கினார், தூக்கப் போனவருக்கு என்ன ஆயிற்று என்பதைக் கேட்டு எழுதுங்கள், ரத்தத்தைப் பரிசோதனைக்கு எடுங்கள். மனிதரை அந்தத் தொட்டிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றிருந்த இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. அறிக்கையில் வெறும் ‘மூச்சுத்திணறல்’ என்று எழுதி முடித்தால் அந்தக் குடும்பம் அலைய வேண்டியிருக்கும்.

தூக்கா, கழுத்தை நெரிச்சதா? ஒரே வரியில சொல்ல முடியுமா?

ஒரு வரியில் சொன்னால் தவறாகிவிடும். பொதுவாக, தூக்கில் தடம் தைராய்டு குருத்தெலும்புக்கு மேலே, சாய்வாக, முடிச்சு இருக்கும் பக்கம் விட்டுப்போய் இருக்கும். கயிற்றால் நெரித்ததில் கீழே, கிடையாக, கழுத்தைச் சுற்றி முழுமையாக. உயிரோடு இருக்கும்போது தூக்கு விழுந்ததற்கு மிக உறுதியான அடையாளம் முடிச்சுக்கு எதிர்ப்பக்க வாயோரத்திலிருந்து எச்சில் வழிந்த தடம். கையால் நெரித்ததில், நாக்கின் அடியில் உள்ள ஹையாய்டு எலும்பு முறிவும் நகக் கீறல்களும் அதிகம்.

நெரித்துவிட்டுத் தொங்கவிட்ட வழக்குகளும் உண்டு. இரண்டு தடங்கள் இருக்கிறதா, கழுத்தின் ஆழத் தசைகளில் ரத்தக் கசிவு இருக்கிறதா, உடலில் வேறு தற்காப்புக் காயம் இருக்கிறதா என்று தேட வேண்டும். ஆர்.டி.ஓ. விசாரணை வரும் மரணங்களில் கழுத்தை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்காமல் ‘தூக்கு’ என்று எழுதக் கூடாது. அதுவும் மூளையையும் மார்பையும் திறந்து ரத்தம் வடிந்த பிறகுதான் கழுத்தைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் நாமே உண்டாக்கும் கசிவு கண்ணை ஏமாற்றும்.

கிணத்துல கிடந்த உடம்பு. கை கால் தோல் சுருங்கியிருக்கு. மூழ்கி இறந்தார்னு எழுதலாமா?

தோல் சுருக்கமும் மயிர்க்கூச்சமும் உடல் தண்ணீரில் கிடந்ததைத்தான் சொல்கின்றன. இறந்தபின் போட்ட உடலிலும் வரும். மூழ்கியதற்கு வேண்டியது வாய், மூக்கில் துடைத்தாலும் திரும்ப வரும் நுண்ணிய வெண்ணுரை, ஊதிப் பெருத்து விலா எலும்பின் தடம் பதிந்த நுரையீரல், கையில் இறுகப் பிடித்த பாசி அல்லது புல். கடைசியாகச் சொன்னது மேலே பார்த்த கெடாவெரிக் ஸ்பாஸம்தான். அதனால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு. பூச்சிமருந்திலும் ஓபியத்திலும் கூட நுரை வரும் என்பதை மறக்க வேண்டாம்.

எலும்பு மஜ்ஜையில் டயாட்டம் என்ற நுண்பாசி இருந்தால் இதயம் துடித்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் உள்ளே போனது என்று பொருள். ஒப்பிடுவதற்கு அதே கிணற்றின் தண்ணீரும் வேண்டும். டயாட்டம் இல்லை என்பதாலேயே மூழ்கவில்லை என்று ஆகாது.

தீயில கருகின உடம்பு குத்துச்சண்டைக்காரர் மாதிரி மடங்கியிருந்தா, உயிரோட எரிஞ்சாருன்னுதானே?

இல்லை. வெப்பத்தில் தசைப் புரதம் உறைந்து சுருங்குவதால் வரும் நிலை அது, செத்த உடலிலும் வரும். உயிரோடு இருந்ததற்குச் சான்று குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயில் கரி, ரத்தத்தில் கார்பாக்சி ஹீமோகுளோபின். இதே குடும்பத்தில் வரும் இன்னொரு கேள்வி மண்டைக்குள் ரத்தக் கட்டி. வெப்பத்தால் வந்தது சாக்லேட் நிறத்தில் தேன்கூடு போல நொறுங்கும். அடியால் வந்தது கருஞ்சிவப்பாக, ஜெல்லி போல, முறிவுக் கோட்டோடு ஒட்டி இருக்கும்.

நம்ம ஊர் செடி விஷம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு குழம்புது. எப்படிப் பிரிக்கிறது?

எந்த உறுப்பைத் தாக்குகிறது என்று பிரியுங்கள். ஊமத்தை மூளையை: கண்மணி விரிந்து, வாய் உலர்ந்து, முணுமுணுத்துக்கொண்டு காற்றில் எதையோ பிடுங்குவார். எட்டி தண்டுவடத்தை: நினைவு தெளிவாக இருக்கும்போதே வலிப்பு, இடையிடையே தளர்வு. குன்றிமணியில் அப்ரின், கடித்த இடம் போன்ற வீக்கத்தோடு விரியன் கடியை ஒத்திருக்கும். சேங்கொட்டைச் சாறு தோலில் கன்றிய காயம் போலப் போலித் தடம் உண்டாக்கும். அடித்தார்கள் என்று பொய்ப் புகாருக்கு அதைப் பயன்படுத்துவதுண்டு. செங்காந்தள் கிழங்கில் கோல்ச்சிசின்.

மஞ்சள் அரளியும் ஒடுவந்தழையும் இரண்டுமே இதயத் துடிப்பைக் குலைக்கும். ஆனால் அரளி சோடியம்–பொட்டாசியம் பம்பை அடைப்பதால் பொட்டாசியம் ஏறும், டிஜாக்சின் எதிர்ப்பொருள் வேலை செய்யும். ஒடுவந்தழையில் சிறுநீரகக் குழல் கெட்டுப் பொட்டாசியம் இறங்கும், அமிலத்தன்மை கூடும், முறிமருந்து கிடையாது, பொட்டாசியத்தை ஈடுசெய்து கண்காணிக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஒடுவந்தழையையும், யாழ்ப்பாணம் வரை அரளியையும் பார்க்கும் மருத்துவர்களுக்கு இது தேர்வு விஷயம் மட்டும் அல்ல. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன மெத்தனாலையும் இங்கேயே படித்துவிடுங்கள்: ஃபார்மிக் அமிலம், பார்வை நரம்பு, மூளையில் புட்டாமென், முறிமருந்தாக ஃபோமெபிசோல் அல்லது எத்தனால்.

விசராவுக்கு எப்ப உப்பு, எப்ப ஸ்பிரிட்?

ரசாயன ஆய்வுக்கு எடுத்த உள்ளுறுப்புகளை (விசரா) கெடாமல் வைக்கப் பொதுவாக நிறைவுற்ற உப்புக் கரைசல். அமிலம், காரம், பாதரச குளோரைடு, அகோனைட் என்றால் ஸ்பிரிட். கந்தக அமிலத்தோடு உப்பு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உருவாகி ஆய்வைக் குழப்பும், காரணம் இதுதான். சாராயம், ஃபீனால், பாஸ்பரஸ், குளோரோஃபார்ம் சந்தேகம் இருந்தால் ஸ்பிரிட் கூடாது. ரசாயன ஆய்வுக்கு ஃபார்மலின் எப்போதும் கூடாது, அது திசு ஆய்வுக்கு. ரத்தத்தில் சாராயம் பார்க்க சோடியம் ஃபுளோரைடும் பொட்டாசியம் ஆக்சலேட்டும். ரத்தம் எடுக்கும்போது தோலைச் சாராயப் பஞ்சால் துடைக்காதீர்கள்.

மரண வாக்குமூலத்தை டாக்டரே எழுதலாமா? ஆள் பிழைச்சுட்டா?

மாஜிஸ்திரேட் வர நேரம் இருந்தால் அவர்தான். நேரமில்லையென்றால் சாட்சிகளை வைத்து மருத்துவர் எழுதலாம். சத்தியப் பிரமாணம் கிடையாது. அவர் சொன்ன சொற்களிலேயே, பேச்சுத் தமிழானால் பேச்சுத் தமிழிலேயே எழுத வேண்டும். விடையை நாமே எடுத்துக் கொடுக்கும் கேள்வி கேட்கக் கூடாது. தெளிந்த மனநிலையில் இருந்தார் என்று மருத்துவர் சான்று தருவது வழக்கம். அந்தச் சான்று இல்லை என்பதாலேயே வாக்குமூலம் செல்லாமல் போகாது என்று 2002இல் லக்ஷ்மண் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

பிழைத்துவிட்டால் அது மரண வாக்குமூலம் ஆகாது. அவரே கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். பழைய வாக்குமூலம் அதை உறுதிப்படுத்த உதவும். குற்றம் சாட்டப்பட்டவரின் முன்னிலையில் பிரமாணத்தோடு குறுக்கு விசாரணை செய்து எடுப்பது டையிங் டெபாசிஷன், இந்தியாவில் அந்த முறை இல்லை.

பாலியல் வன்முறைக்கு ஆளானவங்க நேரா நம்மகிட்ட வந்தா, எஃப்.ஐ.ஆர். இல்லாம பார்க்கலாமா?

பார்க்க வேண்டும். இலவசச் சிகிச்சை பி.என்.எஸ்.எஸ். 397இன்படி கடமை, மறுத்தால் பி.என்.எஸ். 200இன்படி குற்றம். பரிசோதனைக்கு அவருடைய ஒப்புதல் வேண்டும், குழந்தையானால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒப்புதல். அறிக்கையை ஏழு நாளுக்குள் விசாரணை அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோவின்படி போலீசுக்குத் தகவல் சொல்வது கட்டாயம். சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும்.

இரு விரல் பரிசோதனையை ஒருபோதும் செய்யாதீர்கள். அது அறிவியல் அடிப்படை அற்றது, பாதிக்கப்பட்டவரை இன்னொரு முறை காயப்படுத்துவது. செய்தால் நடத்தை மீறல் என்று 2022 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘உடலுறவுக்குப் பழக்கப்பட்டவர்’ போன்ற சொல் அறிக்கையில் வரவே கூடாது. காயம் இல்லை என்பதால் வன்முறை நடக்கவில்லை என்றும் எழுத முடியாது. நடந்ததா இல்லையா என்று தீர்மானிப்பது நீதிமன்றம். நாம் கண்டதைத்தான் எழுதுகிறோம்.

எக்ஸ்ரே எடுத்து 18 முடிஞ்சுதான்னு உறுதியா சொல்ல முடியுமா?

முடியாது. இரண்டு பக்கமும் இரண்டு ஆண்டு வரை பிழை இருக்கலாம் என்பதை ஜெயமாலா வழக்கில் 1982இலேயே உச்ச நீதிமன்றம் ஏற்றது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 94இன்படி முதலில் பள்ளிச் சான்றிதழ், அடுத்து உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லையென்றால்தான் எலும்புப் பரிசோதனை. முழங்கை 14–16க்குள் இணையும், மணிக்கட்டு 18ஐ ஒட்டி, காறை எலும்பின் உள்முனை கடைசியாக, 21–22இல்.

பேஷன்ட் இறந்துட்டா டாக்டரைக் கைது பண்ணுவாங்களா?

சிகிச்சை பலிக்காமல் போனது கவனக்குறைவு ஆகாது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் சொன்னபடி, குற்றவியல் வழக்குக்குக் கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும், அதற்குமுன் போலீஸ் வேறொரு தகுதியான மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும். பி.என்.எஸ். 106இல் மற்றவர்களுக்கு ஐந்தாண்டு வரை, மருத்துவச் செயல்முறையின்போது பதிவுபெற்ற மருத்துவர் என்றால் இரண்டாண்டு வரை. வயிற்றுக்குள் பஞ்சை வைத்துத் தைத்துவிட்டால் மட்டும் விளக்கமே தேவைப்படாது. ரெஸ் இப்சா லோக்விட்டர் (செயலே பேசும்) என்று தேர்வில் கேட்பது அதுதான்.

கோர்ட்ல எதிர்த்தரப்பு வக்கீல் ‘ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க’ன்னா என்ன செய்யறது?

குறுக்கு விசாரணையில் விடையை உள்ளடக்கிய கேள்வி கேட்க அவருக்கு உரிமை உண்டு. முதல் விசாரணையிலும் மறு விசாரணையிலும்தான் அது கூடாது. ஆமாம், இல்லை என்று பதில் சொன்னால் உண்மை திரிந்துவிடும் என்றால் நீதிபதியிடம் அனுமதி கேட்டு விளக்கலாம். ஏ.ஆர். காப்பியைப் பார்த்து நினைவுபடுத்திக்கொள்ளவும் அனுமதி கேட்கலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதால் சாட்சியம் பலவீனமாகாது.

ஒரே நாளில் இரண்டு சம்மன் வந்தால் சிவிலைவிடக் குற்றவியல் முந்தி. இரண்டும் குற்றவியல் என்றால் உயர்ந்த நீதிமன்றம் முந்தி. இரண்டும் ஒரே நிலை என்றால் முதலில் வந்த சம்மனுக்குப் போய்விட்டு, மற்ற நீதிமன்றத்துக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவியுங்கள். போக்குவரத்துச் செலவான கண்டக்ட் மணி சிவில் வழக்கில் மட்டும்தான் முன்பணமாகக் கிடைக்கும்.